கண்டிப் பத்தினி: கண்ணகியின் இன்னோர் உலகம்

கண்டி நகரில் தலதா மாளிகைக்கு எதிரே, வெள்ளரச மரங்களும் தூபிகளும் நிற்கும் புனித வளவில், நாத தேவாலயத்தை அடுத்து இருக்கிறது பத்தினி தேவாலயம். நகரின் நான்கு பெரிய தேவாலயங்களில் பெண் தெய்வத்துக்கு உரியது இது ஒன்றுதான். 'கெம்முர' நாள்கள் எனப்படும் புதனும் சனியும் இங்கே கூட்டம் மிகுதி. பழத்தட்டோடு வருபவரின் குறையைக் கேட்டுக்கொண்டு, கப்புறாளை என்னும் பூசகர் அவருக்காகத் தெய்வத்திடம் 'யாதிக்காவ' என்ற மன்றாட்டைச் சொல்கிறார். பிள்ளைப்பேறு, நோய் நீக்கம், விளைச்சல், மழை ஆகியவை இத்தெய்வத்திடம் வைக்கப்படும் வழக்கமான வேண்டுதல்கள்.

சிங்கள மக்கள் 'பத்தினி தெய்யோ' என்றும் 'பத்தினி மெணியோ' என்றும் அழைக்கும் இத்தெய்வம், சிலப்பதிகாரத்தின் கண்ணகி. அவளுடைய அடையாளச் சின்னத்துக்குச் சிங்களத்தில் 'ஹலம்ப' அல்லது 'சலம்ப' என்று பெயர். தமிழில் சிலம்பு. ஆனால் கண்டிச் சீமையில் வணங்கப்படும் பத்தினியின் பிறப்பும் மணவாழ்வும் முடிவும் இளங்கோவடிகள் சொன்னவை அல்ல. ஆள் ஒருத்தி, வாழ்க்கை இரண்டு. அந்த இரண்டாம் வாழ்க்கை எப்படி உருவாயிற்று, கண்டி அரசில் எப்படி இடம்பெற்றது என்பதன் வரலாறு தமிழ் வாசகர் பலருக்கு இன்னும் எட்டாததாகவே இருக்கிறது.

இளங்கோவின் கண்ணகி

சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்டது. புகாரின் பெருவணிகன் மாநாய்கனின் மகள் கண்ணகி, மாசாத்துவானின் மகன் கோவலனை மணக்கிறாள். கோவலன் மாதவியிடம் சென்று பொருள் இழந்து மீள்கிறான். சிலம்பை விற்று வாணிகம் தொடங்கும் எண்ணத்தோடு இருவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். வழித்துணையாகச் சமணத் துறவி கவுந்தியடிகள் வருகிறார். மதுரைப் புறஞ்சேரியில் இடையர் மகள் மாதரி அடைக்கலம் தருகிறாள். அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். அவன் கோவலன்மேல் பழிபோட, பாண்டியன் ஆராயாமல் கோவலனைக் கொல்விக்கிறான். கண்ணகி அரசவையில் தன் சிலம்பை உடைத்து அதனுள் இருப்பது மாணிக்கம் என்று காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. பாண்டியன் உயிர்விட, அவள் தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிறாள். பதினான்கு நாள் கழித்துச் சேரநாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்றபோது, வானவரோடு வந்த கோவலனுடன் விண்ணுலகு செல்கிறாள்.

வஞ்சிக் காண்டத்தில் கதை வழிபாடாக மாறுகிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து பத்தினிக்குக் கோயில் எடுக்கிறான். கண்ணகியின் இளமைத் தோழி தேவந்தியிடமே நாள்தோறும் பூவும் புகையும் இட்டுப் பூசை செய்யும் பொறுப்பை ஒப்படைக்கிறான். விழாவுக்கு வந்த அரசர்களுள் கடல்சூழ் இலங்கையின் மன்னன் கயவாகுவும் ஒருவன் என்று நூல் சொல்கிறது. நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை, கயவாகு தன் நாட்டில் பத்தினிக்குப் பலிபீடம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்றும், அதனால் மழை பெய்து வளம் பெருகியது என்றும் கூறுகிறது. இலங்கைப் பத்தினி வழிபாட்டைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் தொடங்கும் இடம் இந்தக் குறிப்புத்தான்.

கயவாகுவும் கஜபாகுவும்

இலங்கைப் பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் வரும் முதலாம் கஜபாகு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அநுராதபுரத்தில் ஆண்டவன். அவன் கட்டிய விகாரைகளைப் பற்றிச் சொல்லும் மகாவம்சம், அவன் இந்தியா சென்றதாகவோ பத்தினியைக் கொண்டுவந்ததாகவோ எதுவும் சொல்லவில்லை. அந்தச் செய்தி பல நூற்றாண்டுகள் கழித்துச் சிங்களத்தில் எழுந்த 'ராஜாவலிய' என்னும் நூலிலும் நாட்டார் பாடல்களிலும் விரிவாகக் கிடைக்கிறது. சோழ மன்னன் பன்னிரண்டாயிரம் இலங்கையரைச் சிறைகொண்டு போகிறான். கஜபாகு தன் வீரன் நீலனோடு சென்று, இரும்புத் தண்டால் கடலை அடித்துப் பிளந்து, வழி உண்டாக்கிச் சோழநாடு புகுகிறான். சிறைப்பட்டோரை மீட்பதோடு அதே அளவு சோழ நாட்டாரையும், பத்தினியின் சிலம்பையும், நான்கு தேவாலயங்களின் தெய்வச் சின்னங்களையும், புத்தரின் பிட்சைப் பாத்திரத்தையும் கொண்டுவருகிறான்.

கொண்டுவரப்பட்டவர் குடியமர்த்தப்பட்டதாக ராஜாவலிய சொல்லும் ஊர்ப்பகுதிகளில் யடிநுவர, உடுநுவர, தும்பனை, ஹேவாஹெட்ட ஆகியவையும் உண்டு. இவை நான்கும் கண்டி நகரைச் சூழ்ந்த பகுதிகள். ஆக, தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் தம் ஊர்களில் வாழ்கிறார்கள் என்ற நினைவு கண்டிச் சீமைக்கு இருந்தது. அந்த நினைவைக் காக்கும் கதையாகக் கஜபாகு கதை நின்றது.

இலங்கையின் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இக்கருத்தை நிறுவினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கஜபாகு கதையை இரண்டாம் நூற்றாண்டு நிகழ்ச்சியின் பதிவாகக் கொள்வதற்கில்லை என்பது அவர் முடிவு. தென்னிந்தியாவிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்து குடியேறிய மக்கள், தாம் இங்கு வந்த வரலாற்றுக்குத் தந்த விளக்கமே அக்கதை என்றும், பௌத்த சமணச் சூழலில் வளர்ந்த பத்தினி வழிபாட்டைக் கொண்டுவந்தவர்கள் அம்மக்களே என்றும் அவர் வாதிட்டார். செங்குட்டுவனும் கஜபாகுவும் ஒரே காலத்தவர் என்று கொண்டு, சங்க காலத்தைக் கணிக்கத் தமிழறிஞர்கள் பயன்படுத்திய 'கஜபாகு ஒருகாலத்தன்மை' என்ற அளவுகோலையும் அவர் ஏற்கவில்லை.

அக்குடியேற்றங்களின் தடம் கண்டியைச் சுற்றியுள்ள கற்களில் இருக்கிறது. கம்பளை அரசுக் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில், கண்டிக்கு மேற்கே கடலாதெனிய, லங்காதிலக என்னும் இரு விகாரைகள் எழுந்தன. கடலாதெனியவைத் திராவிடக் கட்டட மரபில் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராசாரி. லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டது. கல்லும் உளியும் பெயர்ந்து வந்த அதே வழியில் கதைகளும் வந்தன.

மாங்கனியில் பிறந்தவள்

ஒரே பாத்திரம் இணையான இன்னோர் உலகில் வேறொரு வாழ்க்கை வாழ்வதாகக் காட்டுவது இன்றைய அறிவியல் புனைகதைகளில் பெருவழக்கு. 1970இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரின் 'இன்ஃபெர்னோ' கதையில், நாயகனுக்குத் துணையாக இருக்கும் விஞ்ஞானி லிஸ் ஷா, இணை உலகத்தில் சர்வாதிகார ஆட்சியின் படை அதிகாரியாக வருகிறாள். பெயரும் முகமும் அவளுடையவை. வாழ்க்கை மட்டும் வேறு. எழுத்தாளர் ஒருவரின் கற்பனை அங்கே செய்ததை, கண்ணகிக்கு நாட்டார் மரபு பல நூற்றாண்டுகளில் செய்தது.

சிங்களப் பாடல்களில் பெயர்கள் எளிதில் அடையாளம் தெரிகின்றன. கோவலன் 'பாலங்க' ஆகிறான், மாதவி 'மாதேவி' ஆகிறாள், காவிரிப்பூம்பட்டினம் 'காவேரி பட்டுன' ஆகிறது. பிறப்புக் கதைதான் முற்றிலும் வேறு. பத்தினிக்கு ஏழு பிறப்புகள் உண்டு. அதனால் அவள் 'ஹத் பத்தினி', அதாவது ஏழு பத்தினி. நீர், மலர், நாகத்தின் கண்ணீர், பாறை, துகில் என அந்தப் பட்டியல் பாட்டுக்குப் பாட்டு சற்று மாறும். விரிவாகப் பாடப்படுவது மாங்கனிப் பிறப்பு. கொடுங்கோலனான பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண் இருக்கிறது. அவன் தோட்டத்து மாமரத்தில் யாராலும் வீழ்த்த முடியாத ஒரு கனி. சக்கரன், அதாவது இந்திரன், கிழவன் வடிவில் வந்து அம்பெய்து கனியை வீழ்த்துகிறான். அதன் சாறு பாண்டியனின் மூன்றாம் கண்ணில் விழ, அக்கண் அழிகிறது. பேழையில் வைத்த கனி பெண் குழந்தையாகிறது. அரசனுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சிப் பேழையை ஆற்றில் விடுகிறார்கள். வணிகத் தம்பதியர் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள்.

இக்கதை சிங்களவர் தாமாகப் புனைந்தது என்று தமிழ் வாசகர் எண்ணிவிடக்கூடும். அது சரியன்று. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை' என்னும் தமிழ்க் காவியத்திலும் அம்மன் மாங்கனியிலிருந்தே தோன்றுகிறாள். தமிழ்நாட்டில் வழங்கிய 'கோவலன் கதை' என்னும் நாட்டார் பாடலிலும் அவள் பாண்டியன் மாளிகையில் பிறந்து, பேழையில் ஆற்றில் விடப்பட்டு, வணிகர் கையில் சேர்கிறாள். பாண்டியனை அழிக்கக் காளியே கண்ணகியாக வந்தாள் என்பது அப்பாடலின் கொள்கை. ஆகவே கண்டியின் பத்தினிக்கு மூலம் புலவர் காவியத்தில் இல்லை. ஊர் ஊராகப் பாடப்பட்ட தமிழ் நாட்டார் கண்ணகியே கடல் கடந்து போனவள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. சிலப்பதிகாரம் நெடுங்காலம் ஏட்டுச்சுவடியில், கற்றோர் சிலரிடம் மட்டுமே இருந்தது. உ.வே.சாமிநாதையர் அதை முழுமையாக அச்சிட்டது 1892இல். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் மக்கள் அறிந்த கண்ணகி கூத்திலும் கோயில் பாட்டிலும் இருந்தவள். அச்சு நூல் பரவியபின் தமிழ்நாட்டில் நாட்டார் வடிவம் பின்னுக்குப் போயிற்று. சிங்களக் கிராமங்களிலும் கிழக்கிலங்கைத் தமிழ் ஊர்களிலும் அது சடங்கோடு பிணைந்திருந்ததால் நிலைத்தது.

உயிர்த்தெழும் பாலங்க

இரு உலகங்களும் மிகத் தொலைவில் பிரியும் இடம் கோவலனின் சாவு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வெட்டுண்ட கணவனைத் தழுவியபோது, அவன் ஒரு கணம் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்து, இங்கேயே இரு என்று சொல்லி விண்ணேறுகிறான். இளங்கோ அந்த ஒரு கணத்தோடு நிறுத்திக்கொண்டார். சிங்களச் சடங்கில் அந்தக் கணம் ஓர் இரவு முழுவதும் விரிகிறது. அதற்கு 'மரா இபெத்தீம' என்று பெயர். கொன்று உயிர்ப்பித்தல் என்பது பொருள். பத்தினி பாலங்கவைத் தேடி அலைந்து, உடலைக் கண்டு புலம்பி, தன் கற்பின் ஆற்றலால் அவனை எழுப்புகிறாள்.

இச்சடங்கு நடைபெறும் விழா 'கம்மடுவ'. ஊர் மண்டபம் என்று பொருள்படும். அறுவடைக்குப் பின்னோ, வறட்சி, கொள்ளைநோய்க் காலத்திலோ ஊரார் கூடித் தென்னங்குருத்தால் பந்தலிட்டு, புதிய நெல்லைப் படைத்து, இரவு முழுதும் பாடி ஆடி விடியும்போது முடிப்பார்கள். மேற்கு, தெற்கு, சபரகமுவப் பகுதிகளில் இவ்விழா மிகுந்த சிறப்போடு நடந்தது. அங்கே பாடப்படும் பாடல்களின் தொகுதி 'பந்திஸ் கோல்முர', அதாவது முப்பத்தைந்து பாடற்பகுதிகள். மதுரை எரிவதும் பின்னர் தணிவதும் அச்சடங்கின் பகுதிகள். எரித்தவளே குளிர்விக்கிறாள் என்பதுதான் ஊரார் கேட்டு மனம் ஆறும் செய்தி.

பௌத்த உலகில் பத்தினிக்கு இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. அவள் வருங்காலத்தில் புத்தநிலை அடையவிருக்கும் போதிசத்துவ நிலையில் வைக்கப்பட்டாள். தானம், பொறுமை, அருள் ஆகிய பாரமிதைகளை நிறைத்து வருபவள் என்று கொள்ளப்பட்டாள். இளங்கோவின் கண்ணகி அறம் பிழைத்த அரசனுக்குக் கூற்றாக நின்றவள். கண்டியின் பத்தினி அந்தச் சினத்தைக் கடந்து தாயாக நிற்பவள்.

நோயும் பாலும்

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகியவற்றைச் சிங்களத்தில் 'தெய்யன்கே லெட' என்பார்கள். தெய்வத்தின் நோய் என்று பொருள். இலங்கைத் தமிழில் அது 'அம்மாள் வருத்தம்'. இரு மொழியாரும் நோயாளியின் வீட்டில் வேப்பிலை வைத்து, அவரைக் குளிர்ச்சியாக வைத்துப் பேணினார்கள். நோய் தணிந்தபின் நன்றி செலுத்துவது பத்தினிக்கே. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் நேர்த்திக்கடன் வைக்கும் வழக்கம் அதன்பிறகும் நின்றுபோகவில்லை.

குழந்தை நோயிலிருந்து மீண்டால் வீட்டில் செய்யும் சடங்கு 'கிரி அம்மா தானம்', பால் அன்னையருக்கு இடும் தானம். பிள்ளை பெற்ற ஏழு தாய்மாரை வீட்டுக்கு அழைத்து, விளக்கேற்றி, பாற்சோறும் பலகாரமும் வாழைப்பழமும் பரிமாறுவார்கள். அவர்கள் குழந்தையை வாழ்த்திச் செல்வார்கள். ஏழு தாயர் பத்தினியின் ஏழு வடிவங்களை நினைவூட்டுவர். சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்தது பத்தினியின் முலை. கண்டிச் சீமையின் வீடுகளில் அதே பத்தினி பால் தரும் அன்னையாக வந்து குழந்தையைக் காக்கிறாள். ஒரு தெய்வம் தன் கதையின் மிகக் கொடிய காட்சியையே அருளாக மாற்றிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கொம்பு விளையாட்டு

பத்தினிக்குரிய இன்னொரு பழைய வழக்கம் 'அங்கெலிய', கொம்பு விளையாட்டு. இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொக்கியாக மாட்டி, கயிறு கட்டி, ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து இழுப்பார்கள். ஒரு கொம்பு முறிந்ததும் ஆட்டம் முடியும். 'உடுபில' என்னும் மேற்கட்சி பாலங்கவுக்கும், 'யடிபில' என்னும் கீழ்க்கட்சி பத்தினிக்கும் உரியவை. கணவனும் மனைவியும் செண்பகப் பூப் பறிக்கும்போது இருவரின் கொக்கித் தடிகளும் சிக்கிக்கொள்ள, இருவரும் இழுத்ததே இந்த ஆட்டத்தின் தொடக்கம் என்பது கதை. துன்பமே நிறைந்த ஒரு மணவாழ்வில், சிலப்பதிகாரம் காட்டாத விளையாட்டுப் பொழுது ஒன்றை நாட்டார் மரபு இருவருக்கும் தந்தது.

மட்டக்களப்புத் தமிழரிடம் இதே ஆட்டம் 'கொம்புமுறி' என்ற பெயரில் இருந்தது. அங்கே கட்சிகள் வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலனுடையது, தென்சேரி கண்ணகியுடையது. தேங்காயோடு தேங்காய் மோதவிடும் 'போர்த்தேங்காய்' விளையாட்டும் இரு மக்களிடமும் உண்டு. மொழியும் சமயமும் வேறான இரு சமூகங்கள், ஒரே கணவன் மனைவியின் பெயரால் ஒரே ஆட்டத்தை ஆடின.

அரசின் தெய்வம்

பழைய இலங்கையில் நாட்டைக் காக்கும் நான்கு தெய்வங்களாக உபுல்வன், சமன், விபீஷணன், கந்தன் ஆகியோர் போற்றப்பட்டனர். கண்டி அரசில் அந்த நால்வர் வரிசை நாத, விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என மாறியது. வணிகர் மகளாக வளர்ந்த கதைப்பெண் ஒருத்தி, போதிசத்துவர் நாத, விஷ்ணு, கந்தன் ஆகியோருக்கு இணையாக அரசின் காவல் தெய்வமாக உயர்ந்தாள்.

அவளுடைய நிலையைக் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் முக்கியமானவர். 1660இல் கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பியவர். 1681இல் இலண்டனில் அச்சான அவருடைய நூலில் கண்டிப் பெரஹர என்னும் ஊர்வலம் வருணிக்கப்படுகிறது. யானைமேல் எடுத்துச் செல்லப்பட்டதாக அவர் சொல்லும் தெய்வங்கள் அலுத்நுவர தெய்யோ, கதிர்காம தெய்யோ, பத்தினி தெய்யோ. தலதா மாளிகையில் உள்ள புத்தரின் தந்தம், அதாவது புனிதப் பல், அவர் கண்ட ஊர்வலத்தில் இல்லை. கொக்கித் தடிகளை மாட்டி இழுக்கும் ஆட்டத்தையும் அவர் குறிப்பிடுகிறார்.

தந்தம் பெரஹரவில் சேர்ந்தது நாயக்கர் காலத்தில். 1739இல் சிங்கள அரசமரபில் வாரிசு இல்லாமற்போக, மதுரைப் பக்கத்திலிருந்து பெண்கொண்ட உறவின் வழியாக நாயக்கர் கண்டி அரியணை ஏறினர். இரண்டாவது நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782), சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்தான். 1753இல் உபாலி தேரர் தலைமையில் வந்த அவர்கள், பௌத்த நகரில் தெய்வங்களுக்கு மட்டும் ஊர்வலம் நடப்பதைக் கண்டு வருந்தியதாகவும், அதனால் மன்னன் தந்தப் பேழையை ஊர்வலத்தின் முன்னே வைக்க ஆணையிட்டதாகவும் மரபு கூறுகிறது. அன்றுமுதல் வரிசை தலதா மாளிகை, நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று அமைந்தது. மதுரையைப் பத்தினி எரித்த கதையைக் கேட்டு வளர்ந்த நகரில், மதுரை உறவுடைய மன்னர் அவள் விழாவைச் செம்மைப்படுத்தினர். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெருவுக்கு இன்றும் மலபார் வீதி என்றே பெயர். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டனர் என்பது, அந்த அரசவையில் தமிழுக்கு இருந்த இடத்தைக் காட்டும்.

தேவாலயம் நிலத்தால் நின்றது. அரசர் தேவாலயங்களுக்குக் கிராமங்களை வழங்கினர். அந்நிலங்களை உழுதவர் 'நிலக்காரர்'. வாடகைக்குப் பதில் அவர்கள் மேளம் அடித்தல், ஆடுதல், பந்தம் பிடித்தல், கூரை வேய்தல், பூசைக்குப் பூ கொண்டுவருதல் என்று ஆளுக்கொரு சேவை செய்தனர். 1832இல் பிரித்தானியர் அரசுக்குரிய கட்டாயச் சேவையான இராஜகாரிய முறையை ஒழித்தபோதும், விகாரை, தேவாலய நிலங்களுக்குரிய சேவைகள் நீடித்தன. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவைகளைப் பதிவுசெய்து, பணமாகக் கொடுத்துத் தீர்க்கவும் வழிசெய்தது. 1931இன் பௌத்த ஆதனங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தேவாலய நிர்வாகத் தலைவரான பஸ்நாயக்க நிலமே தேர்ந்தெடுக்கப்படுகிறார். பூசை கப்புறாளை குடும்பங்களின் பரம்பரை உரிமையாகத் தொடர்கிறது.

எசல விழா

எசல மாத அமாவாசையை அடுத்து, பால் வடியும் பலாமரம் ஒன்றை வெட்டி, அதன் துண்டுகளை நான்கு தேவாலயங்களிலும் நடுவதோடு பெரஹர தொடங்குகிறது. இதற்குக் 'கப்' நடுதல் என்று பெயர். முதல் ஐந்து நாள் தேவாலயங்களின் உள்வளவில் ஊர்வலம். அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹர; கடைசி ஐந்து இரவு பல்லக்குகளோடு கூடிய ரந்தோலி பெரஹர. நிக்கினிப் பௌர்ணமிக்குப் பின் கப்புறாளைமார் கெட்டம்பேயில் மகாவலி கங்கையில் வாளால் நீரை வெட்டி, குடத்தில் நீர் மொண்டு தேவாலயத்துக்குக் கொண்டுசென்று அடுத்த ஆண்டுவரை காக்கிறார்கள். திரும்பும் வழியில் தேவாலய ஊர்வலங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தரித்து வழிபட்ட பின்னரே பகல் பெரஹரவில் சேர்கின்றன.

ஐந்து ஊர்வலங்களில் இறுதியில் வருவது பத்தினியுடையது. மரபுப்படி பெண்கள் ஆடிவரும் ஊர்வலமும் அது ஒன்றே. இங்கே தோழி தேவந்தியை நினைவுகூர வேண்டும். சிலப்பதிகாரத்தில் பத்தினியின் முதற்பூசகர் ஒரு பெண். அவளோடு விளையாடி வளர்ந்தவள். சிங்கள மரபில் தேவந்திக்குப் பெயர் இல்லை. பூசை ஆண்களிடம் போயிற்று. ஆனாலும் கம்மடுவவில் பத்தினியாக வரும் பூசகர் சேலை உடுத்தி, ஹலம்பவைக் கையில் ஏந்தியே ஆட வேண்டும். கண்டியில் பத்தினியின் யானைக்கு முன்னே பெண்களே ஆடுகிறார்கள். பெயர் மறைந்த தோழியின் இடம் இப்படி இரண்டு வழியிலும் காக்கப்பட்டிருக்கிறது.

தீவின் மற்றக் கண்ணகிகள்

கண்டியில் பத்தினி அரசின் தெய்வமான காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலும் கண்ணகி வெவ்வேறு வாழ்வு வாழ்ந்தாள். கிழக்கில் காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் வைகாசியில் கதவு திறந்து, வழக்குரை படித்து, சினம் ஆறக் 'குளிர்த்தி' பாடி விழா முடிகிறது. முல்லைத்தீவின் வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கல் பெயர்பெற்றது; மதுரையை எரித்தபின் இலங்கைக்கு வந்த அம்மன் தங்கிய பத்தாவது இடம் அது என்பது தலக்கதை. யாழ்ப்பாணத்தில் நிலை மாறியது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம நெறிக்குப் புறம்பானது என்று கண்ணகி வழிபாட்டை எதிர்த்தார். அதன்பின் அங்கே பல கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. தீவுக்கு வெளியே, இந்தியாவில், கேரளத்தின் கொடுங்கல்லூர்ப் பகவதி கண்ணகியே என்ற நம்பிக்கை உண்டு. தமிழக–கேரள எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கோயில் சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது.

கண்டியின் மலைகளுக்குத் தமிழர் மறுபடியும் பெருந்தொகையாக வந்தது 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காக. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை தொடங்கியபின் அவ்வரவு இன்னும் பெருகியது. அவர்கள் கொண்டுவந்த தாய் மாரியம்மன். கண்டிக்கு வடக்கே மாத்தளையின் முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர்விழா அவர்களுடைய பெருவிழா. அம்மையையும் மழையையும் ஆளும் மாரி, அவ்விரண்டையும் ஆளும் பத்தினியின் நாட்டில் குடியேறினாள். கஜபாகு கதையில் சோழ நாட்டார் குடியேறியதாகச் சொல்லப்படும் அதே ஹேவாஹெட்டவில், பல நூற்றாண்டுகள் கழித்துத் தமிழகத்து உழைப்பாளிகள் லயன்களில் குடியேறினர்.

இரு மக்களுக்கும் பொதுவான ஒருத்தி

கண்டிப் பத்தினியைச் சிலப்பதிகாரத்தின் திரிபு என்று ஒதுக்குவது தவறு. தமிழ் நாட்டார் மரபு பாடிய கண்ணகியின் பழைய வடிவம் ஒன்றை, தமிழ்நாடு ஏறக்குறைய மறந்த பிறகும், சிங்களக் கிராமங்கள் பாட்டாகவும் ஆட்டமாகவும் காத்து வைத்திருக்கின்றன. அதுபோலவே, பத்தினி முற்றிலும் சிங்களத் தெய்வம் என்று சொல்வதும் பொருந்தாது. அவள் கையிலிருக்கும் ஹலம்பவின் பெயரே அவள் ஊரைச் சொல்லும். இளங்கோவின் நூலையும் கண்ணகி வழக்குரையையும் பந்திஸ் கோல்முரவையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே கண்ணகி முழுமையாகக் கிடைப்பாள். அம்மூன்றையும் ஒருங்கே கற்பிப்பது இலங்கைப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் செய்யத்தக்க பணி.

உரைபெறு கட்டுரை சொல்லும் இலங்கைப் பத்தினி விழா ஆடித் திங்களுக்குரியது. ஆடி, எசல என்ற இரண்டு சொற்களும் ஆஷாடம் என்ற ஒரே மாதப் பெயரிலிருந்து வந்தவை. கண்டியில் கப் நடும் அமாவாசை பெரும்பாலும் தமிழரின் ஆடி அமாவாசையாகவே அமைகிறது. அந்தப் பருவத்தில், ஆண்டுதோறும், சிலம்பை ஏந்திய யானை கண்டி வீதிகளில் கடைசி ஊர்வலமாக வருகிறது.